மளிகைக்கடை காலண்டரில் தொடங்குங்கள்: புத்தாண்டுக்கான குடும்பச் சேமிப்புக் கணக்கு

தொடர்ந்து மூன்று வருடம், ஜூன் மாத முதல் வாரத்தில் அடகுக்கடைப் படி ஏறியிருக்கிறேன். இரண்டரைப் பவுன் சங்கிலி. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பள்ளிக் கட்டணம். மூன்றாவது வருடம் கடைக்காரர் தராசை எடுப்பதற்கு முன்பே, “அதே சங்கிலிதானேம்மா?” என்றார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுட்டது. ஜூனில் பள்ளி திறக்கும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா என்ன?

அந்த மூன்று வருடமும் ஜனவரி 1 அன்று “இந்த வருஷம் மாசம் 5,000 சேமிக்கிறோம்” என்று சபதம் போட்டவள்தான் நான். பணம் சேரத்தான் செய்தது. பொங்கல் வந்தது, தைக் கல்யாணங்கள் வந்தன, வண்டி இன்சூரன்ஸ் வந்தது, சேர்ந்தது போனது. பிறகுதான் புரிந்தது: நான் சேமிப்பு என்று நினைத்ததில் பெரும்பகுதி சேமிப்பே இல்லை, கொஞ்சம் தாமதமாக வரப்போகிற செலவு. வருடாவருடம் சொல்லிவைத்தாற்போல் வரும் செலவைத் தனியாகப் பிரித்து வைக்காமல் போடும் எந்தச் சேமிப்பு இலக்கும் நிற்காது. அதைப் பிரிப்பது எப்படி என்பதைத்தான் எங்கள் வீட்டுக் கணக்கையே வைத்து எழுதுகிறேன்.

எங்கள் நிலைமை இது. திருச்சியில் வாடகை வீடு. கணவருக்குத் துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை, கைக்கு வருவது 38,000. நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன், சராசரியாக 7,000. ஆக 45,000. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வழி ஒன்றுதான்.

முதல் படி: வட்டம் போடுவது

டிசம்பர் கடைசியில் மளிகைக்கடையில் தரும் மாதக் காலண்டர் போதும். ஆப் எதுவும் வேண்டாம். முகூர்த்த நாள், பண்டிகை, பள்ளி விடுமுறை எல்லாம் அதில் அச்சாகியே வருகிறது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தில் அடங்காத ஒவ்வொரு செலவுக்கும் அது வரும் மாதத்தில் ஒரு வட்டம், பக்கத்தில் தொகை. தொகையைக் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். போன வருட ரசீது, வங்கிக் கணக்கு விவரம், ஜிபே வரலாறு இவற்றைப் பார்த்து எழுதுங்கள். நான் நினைவிலிருந்து தீபாவளிக்கு 10,000 என்று எழுதினேன். ஜிபேயைத் திறந்து பார்த்தால் 18,000.

எங்கள் வட்டங்கள்: ஜனவரியில் பொங்கல் 6,000, மூன்றாம் பருவக் கட்டணம் 14,000. மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில் 4,000. மே மாதம் ஊருக்குப் போய்வர 5,000. ஜூனில் பள்ளிக் கட்டணம் 24,000, புத்தகம் சீருடை 9,000. ஆகஸ்டில் வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 4,000. செப்டம்பரில் இரண்டாம் பருவம் 14,000. தீபாவளி 18,000. டிசம்பரில் மருத்துவக் காப்பீடு 17,000. மொய், சீர் வகையில் 15,000. மிக்ஸி, குழாய், மெத்தை, செருப்பு என்று பழுதாகிப் போவதற்கெல்லாம் 6,000.

மொய்யைப் பலர் எழுத மறந்துவிடுவார்கள். எழுதியே தீர வேண்டும். தை, வைகாசி, ஆவணி மூன்றிலும்தான் அது மொத்தமாக வந்து விழும். மொய் நோட்டை எடுத்து, நமக்குச் செய்தவர்கள் வீட்டில் இந்த வருடம் என்ன விசேஷம் இருக்கிறது என்று பாருங்கள். தாய்மாமன் முறை இருந்தால் அந்தச் சீர் தனி வட்டம், அதை மொய்யோடு சேர்க்காதீர்கள்.

சொந்த வீடு உள்ளவர்கள் சொத்து வரிக்கு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வட்டம் போடுங்கள். அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. பிரதமர் காப்பீட்டுத் திட்டங்களில் சேர்ந்திருந்தால், மே கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள்: விபத்துக்கு 20 ரூபாய், ஆயுளுக்கு 436 ரூபாய். அந்த வாரம் கணக்கில் பணம் இல்லாமல் பாலிசி விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும். மருத்துவக் காப்பீட்டுத் தொகையை மட்டும் பழைய ரசீதை அப்படியே பார்த்து எழுத வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வயது ஏறினால் பிரீமியமும் ஏறும். ஏஜென்டிடம் புதிய தொகையைக் கேட்டு எழுதுங்கள்.

இரண்டாம் படி: கூட்டி, பன்னிரண்டால் வகுப்பது

எங்கள் வட்டங்களின் மொத்தம் 1,36,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,333. கணவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவா? எங்கேயோ தப்பாக் கூட்டியிருக்க” என்று கால்குலேட்டரை வாங்கி அவரே ஒருமுறை கூட்டினார். அதே எண்தான்.

அப்புறம் மாதச் செலவு. வாடகை 9,000. மளிகை, காய்கறி, பால், எப்போதாவது கறி, மீன் எல்லாம் சேர்த்து 13,500. கரண்ட், சிலிண்டர், போன், பெட்ரோல் 5,500. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியாக்கிப் போடுங்கள். கோடை மாதங்களின் பில்லை வைத்துப் போடுவது நல்லது. பிள்ளைகளின் டியூஷன் 2,000, மருந்து மாத்திரை 1,500. மொத்தம் 31,500.

45,000-இல் 31,500 போனால் மீதி 13,500. அதில் வட்டங்களுக்கு 11,333. கடைசியில் நிற்பது 2,167. எங்கள் வீட்டின் உண்மையான சேமிப்புத் திறன் அவ்வளவுதான். மாதம் 5,000 என்ற சபதம் ஏன் வருடாவருடம் உடைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சம்பளத்தில் இத்தனை சதவீதம் சேமிக்க வேண்டும் என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. வாடகை கட்டி, இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்க வைக்கும் வீட்டுக்கு அது சட்டை அளவு தெரியாமல் துணி வெட்டுவது மாதிரி. முதலில் அளவு எடுங்கள்.

வட்டிக் கடன் இருந்தால்

இங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘ரெண்டு வட்டி’க்கு வாங்கியிருந்தால், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். மாதாமாதம் ஒரே தொகை கட்டும் வங்கி ஆர்டியில் (தொடர் வைப்பு) பொதுவாகக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. ஒரு பக்கம் ரெண்டு வட்டி கட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் சேமிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் வேலை. வட்டங்களுக்கான பணத்தை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதெல்லாம் அந்தக் கடனுக்கே போகட்டும். இந்த வருட இலக்கு அதை அடைப்பது, அவ்வளவுதான். நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து ரெண்டு வட்டிக் கடனை அடைப்பது கூட லாபம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான், அதன் வட்டி ரெண்டு வட்டியையே தாண்டும்.

மூன்றாம் படி: வீட்டில் உட்கார்ந்து பேசுவது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு. டிவி அணைந்திருக்கட்டும். பிள்ளைகளும் இருக்கட்டும்; எங்கள் பெரியவள் எட்டாம் வகுப்பு, அவள்தான் கூட்டல் போட்டாள்.

முதல் இலக்காக நாங்கள் வைத்தது ஒரு மாதச் செலவு கையிருப்பு, அதாவது 31,500. மூன்று மாதம், ஆறு மாதம் என்று சொல்வார்கள். இருக்கட்டும், முதல் வருடம் ஒரு மாதம் சேரட்டும். மாதம் 2,167 போட்டால் வருடத்தில் 26,000தான் வரும். 5,500 குறைகிறது. எங்கே குறைப்பது?

நான் மளிகையில் குறைக்கலாம் என்றேன். மாமியார் சிரித்துவிட்டார். “எண்ணெயில நாப்பது ரூபா மிச்சம் பிடிச்சு யாரும் மாடி கட்டல. தீபாவளிக்கு யார் யாருக்கு துணி எடுக்கிறீங்கன்னு முதல்ல எழுது.” எழுதினோம். பதினோரு பேர். பட்டாசு 4,000. அன்றைக்கு முடிவானது: துணி வீட்டுக்குள் மட்டும், பட்டாசு பாதி. தீபாவளி 18,000-இலிருந்து 14,000 ஆனது. மே மாத ஊர்ப் பயணத்தில் 1,500 குறைந்தது, காரில் போகாமல் பஸ்ஸில். மொத்த வட்டங்கள் 1,30,500 ஆகின, மாதம் 10,875. மீதி 2,625. பன்னிரண்டு மாதத்தில் சரியாக 31,500.

இதில் கவனிக்க வேண்டியது, பெரிய வட்டங்களில் இரண்டே இரண்டைத் தொட்டதும் கணக்கு நேரானது. தினச் செலவை நெருக்கிப் பிடித்தால் இரண்டாவது மாதமே வீட்டில் சண்டை வரும். டீக்கடைக் கணக்கைக் கேட்டு நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான்காம் படி: மாதம் மாதமாக ஓட்டிப் பார்ப்பது

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் முதலில் தாண்டினேன். வருடக் கணக்கு சரியாக வருகிறதே, அப்புறம் என்ன? அப்புறம்தான் இருக்கிறது. செலவு பன்னிரண்டு சம பங்காக வருவதில்லை.

ஒரு நோட்டில் பன்னிரண்டு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்த மாதம் போடும் பணம், எடுக்கும் பணம், நிற்கும் இருப்பு. எங்கள் கணக்கில் ஜனவரி வரி: போடுவது 10,875. எடுப்பது பொங்கலுக்கும் பள்ளிக்கும் 20,000, சில்லறைப் பழுதுகளுக்கு 500. இருப்பு: 9,625 பள்ளம். தொடங்கிய மாதமே!

பிப்ரவரியில் கோயிலும் தை மொய்யும் போக, பள்ளம் 6,250-ஆகச் சுருங்குகிறது. மார்ச்சில்தான் கணக்கு தரைக்கு வருகிறது, 4,125. மே முடிவில் 15,375 இருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், தொட்டுவிடாதீர்கள். ஜூனில் ஒரே மூச்சில் 33,000 போய், மறுபடி 7,250 பள்ளம். செப்டம்பரில் இரண்டாம் பருவமும் ஆவணி மொய்யும் சேர்ந்து கிட்டத்தட்ட சுழியில் நிற்கும். அக்டோபரில் தீபாவளிக்காக 3,750 பள்ளம். டிசம்பரில் காப்பீடு கட்டியதும் இருப்பு சரியாகச் சுழி.

ஆக, கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வருடத் தொடக்கத்தில் சுமார் 10,000 ரூபாய் முதல் போட வேண்டும். அது இல்லாவிட்டால் நல்ல திட்டமே ஜனவரியில் அடகுக்கடைக்கு அனுப்பிவிடும். உங்கள் நோட்டில் எந்த மாதப் பள்ளம் அதிக ஆழமோ, அந்தத் தொகைதான் உங்களுக்கு வேண்டிய முதல்.

எங்களுக்கு அது மாமியாரின் சிறுவாட்டிலிருந்து வந்தது. அஞ்சறைப் பெட்டி காலம் போய் இப்போது அது பீரோவில் பழைய பட்டுப்புடவை மடிப்புக்குள் இருக்கிறது. பத்தாயிரம் எண்ணிக் கொடுத்துவிட்டு, “தீபாவளிக்குள்ள திரும்பணும்” என்றார். கணவரின் தீபாவளி போனஸ் வந்ததும் முதலில் அதைத்தான் திருப்பினோம். மீதி போனஸை அடுத்த ஜனவரிப் பள்ளத்துக்கென்று ஒதுக்கிவிட்டோம். போனஸை வருடக் கணக்கில் வருமானமாகச் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி. வந்தால் பள்ளத்துக்கு, வராவிட்டால் திட்டம் உடையாது.

ஏற்ற இறக்க வருமானம் உள்ளவர்களுக்கு

தையல், ஆட்டோ, கேட்டரிங், கமிஷன் வேலை எதுவானாலும் சரி. எனக்கு ஆடியில் 3,000 வருவதே பெரிது. தீபாவளிக்கு முன் இரண்டு மாதமும் 14,000 வரை வரும். சராசரி 7,000 என்று காகிதத்தில் எழுதுவது எளிது, ஆடி மாதத்தில் சாப்பிடுவது எப்படி? தையல் பணம் முழுவதும் ஒரு தனிக் கணக்குக்குப் போகும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அதிலிருந்து எனக்கு நானே 7,000 சம்பளம் கொடுத்துக்கொள்கிறேன். நல்ல மாதத்தில் மிஞ்சுவது அங்கேயே கிடக்கும், ஆடியில் அதுதான் கை கொடுக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சராசரியைவிடக் கொஞ்சம் குறைத்தே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எதை எங்கே போடுவது

வட்டங்களுக்கான 10,875 ஒரு தனி சேமிப்புக் கணக்கில். இந்தக் கணக்கை ஜிபே, போன்பே எதிலும் இணைக்கக் கூடாது. ஏடிஎம் கார்டை வீட்டு பீரோவில் வையுங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இதற்கு நன்றாகப் பொருந்தும்: குறைந்தபட்ச இருப்பு 500, வட்டி 4 சதவீதம். நேரில் போய்ப் படிவம் எழுதி எடுக்க வேண்டியிருப்பதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. வரிசையில் நிற்கிற பத்து நிமிடத்தில் பாதி ஆசை ஆறிவிடும்.

அவசரக் கையிருப்பான 2,625 வங்கி ஆர்டியில், 12 மாதத் தவணை. சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடிக்கச் சொல்லிவிடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: அஞ்சலக ஆர்டி ஐந்து வருடத் திட்டம். மூன்று வருடத்துக்குப் பிறகுதான் முன்கூட்டி முடிக்கலாம். அப்போதும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். பன்னிரண்டு தவணை கட்டியபின் பாதி வரை கடன் வாங்கலாம் என்பது ஒரு வசதி. நல்ல திட்டம்தான், ஆனால் அடுத்த தீபாவளிக்கு என்று நினைத்து அதில் போடாதீர்கள்.

தீபாவளிச் சீட்டு, தெருச் சீட்டு பற்றிக் கேட்பீர்கள். மனதைக் கட்டுப்படுத்த அதைப்போல் வேறொன்று இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தவறினால் நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டும் என்ற பயமே பணத்தைச் சேர்த்துவிடும். ஆனால் பிடிக்கிறவர் ஒரு நாள் இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்தால் கேட்க நாதியில்லை. எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது, என் 6,000 ரூபாயும் அதில் போயிற்று. சீட்டுதான் வேண்டும் என்றால் 1982ஆம் வருட சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான நிறுவனமா என்று பார்த்து, அந்தச் சீட்டுக் குழுவின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை இருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஏலத்தில் அதிகத் தொகையை விட்டுக்கொடுத்துச் சீட்டை முன்கூட்டியே எடுத்தால் அது சேமிப்பு அல்ல, கடன்.

நகைச் சீட்டு வேறு வகை. பதினோரு மாதம் கட்டினால் சேதாரத்தில் சலுகை தருவார்கள். பெரும்பாலும் பதினோரு மாதமாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: முன்பணம் 365 நாளுக்குள் பொருளாக மாறாவிட்டால் அது வைப்புத்தொகை ஆகி, கம்பெனிகளுக்கான கடும் விதிகளுக்குள் வந்துவிடும். வங்கியில் போட்டால் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. நகைக்கடையில் கட்டிய பணத்துக்கு அது கிடையாது. பெண் பிள்ளைக்கு நகை வாங்கியே ஆக வேண்டும் என்றால் கட்டுங்கள், ஆனால் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தை அங்கே கொண்டுபோய்க் கட்டாதீர்கள். முதிர்ந்தால் நகைதான் கையில் வரும், ரொக்கம் வராது. அந்த நகையை ஜூனில் எங்கே கொண்டுபோவோம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீண்ட கால இலக்கு: சின்னதாக, ஆனால் திறந்து வையுங்கள்

எங்கள் சின்னவளுக்கு வயது எட்டு. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் வாசல் மூடிவிடும். வருடத்துக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய்தான், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருடம் கட்டினால் போதும், கணக்கு தொடங்கி 21 வருடத்தில் முதிரும். 2024, 2025 இரண்டு வருடமும் வட்டி 8.2 சதவீதமாக இருந்தது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு பரிசீலிக்கும். முதல் வருடம் எங்களால் 250-க்கு மேல் முடியாது என்று தெரிந்தும் கணக்கைத் திறந்துவிட்டோம். கட்டும்போது மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டுங்கள், அப்போதுதான் அந்த மாத வட்டி சேரும். ஆண் பிள்ளை உள்ளவர்களுக்குப் பொது வருங்கால வைப்பு நிதி (பிபிஎஃப்) இருக்கிறது, வருடக் குறைந்தபட்சம் 500.

இடையில் பார்ப்பது

மாதாமாதம் கணக்குப் பார்த்தால் சலிப்பு வரும். மார்ச், ஜூலை, அக்டோபர் மூன்று முறை பார்த்தால் எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. நோட்டில் எழுதிய இருப்பும் பாஸ்புக் இருப்பும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள். ஆயிரம் இரண்டாயிரம் தள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் ஏதோ ஒரு வட்டத்தை நீங்கள் போடவே இல்லை. முதல் வருடம் எங்களுக்கு அது சின்னவளின் பல் வைத்தியம், 3,800. அவசரக் கையிருப்பிலிருந்து எடுத்தோம், அதற்குத்தானே அது. எடுத்த தொகை 3,800, அடுத்த நான்கு மாதம் 950 வீதம் தையல் கணக்கிலிருந்து திரும்பப் போட்டேன்.

டிசம்பர் கடைசியில் புதிய காலண்டர் வந்ததும் பழையதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, சிவப்பு வட்டங்களைப் புதியதில் ஏற்றுங்கள். தீபாவளி, சிவராத்திரி தேதிகள் நகர்ந்திருக்கும், பள்ளிக் கட்டணம் கூடியிருக்கும், ஒன்றிரண்டு மொய் குறைந்திருக்கும். அரை மணி நேர வேலை. எங்கள் வீட்டில் இப்போது பெரியவள்தான் அதைச் செய்கிறாள்.